கடற்கரைக் குப்பையை அள்ளுகிறீர்கள் சரி, எண்ணுகிறீர்களா?

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறீர்கள், ஒவ்வொரு முறையும் சாக்குகள் நிரம்புகின்றன, அடுத்த மாதம் போனால் அதே குப்பை அப்படியே கிடக்கிறது. இதனால் என்ன பயன்? எண்ணிக் குறித்து வையுங்கள் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

முதலில் பயனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுத்துப்போட்ட வலைத்துண்டில் இனி எந்த ஆமையும் சிக்காது. அது உண்மையான பயன், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இருபது பேர் மாதம் மூன்று மணி நேரம் உழைத்து ஒரு கடற்கரையைச் சுத்தமாக வைத்திருக்க முடியாது, ஏனென்றால் குப்பை வருகிற வழி நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. நீங்கள் கட்டி வைக்கிற சாக்கு வண்டியேறிக் கிடங்குக்குப் போய்விடும், அதற்குப் பிறகு அதற்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்தத் தாள் இருக்கும். ஒன்றரை வருடத்தில் பதினெட்டு முறை போயிருப்பீர்கள். பதினெட்டுத் தாள் கையில் இருந்தால் இன்றைக்கு நீங்கள் என்னிடம் "இதனால் என்ன பயன்" என்று கேட்டிருக்க மாட்டீர்கள், "மாத்திரை அட்டை மட்டும் ஏன் மூன்று மடங்கு கூடியிருக்கிறது" என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடலாம், அந்தப் பதிலை வைத்து யாரிடமாவது போய் நிற்கலாம்.

எண்ணுவது பிற்பாடு யாரோ விஞ்ஞானிகள் சேர்த்த வேலை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு உலகம் முழுக்க செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாள் தொடங்கியதே எண்ணுவதில்தான். 1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரண்டு பெண்கள் அழைப்பு விடுத்தார்கள், 2,800 பேர் வந்தார்கள், இரண்டே மணி நேரத்தில் 122 மைல் கரையில் 124 டன் குப்பையை எடுத்தார்கள். அவர்கள் வந்தவர்கள் கையில் சாக்கோடு ஒரு அட்டையையும் கொடுத்தார்கள்: எடுக்கிற ஒவ்வொன்றும் என்ன பொருள், எத்தனை என்று குறிக்க. கரையில் கிடப்பது சுற்றுலாக்காரர்கள் போட்டதுதான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கப்பல்களிலிருந்தும் எண்ணெய்த் துரப்பண மேடைகளிலிருந்தும் வருகிற பொருட்கள் அந்த அட்டைகளில் பெயரோடு ஏறின. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டக் கூடாது என்ற சர்வதேச விதி, மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு, 1988 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அமெரிக்காவின் ஆதரவைத் திரட்டியதில் டெக்சாஸ் அட்டைகளுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு உதாரணம் பிரிட்டன். அங்கே 1994-லிருந்து தன்னார்வலர்கள் கடற்கரைகளில் நூறு நூறு மீட்டராக எண்ணுகிறார்கள். 2015 அக்டோபரில் இங்கிலாந்தில் கடைப் பைக்கு 5 பென்ஸ் கட்டணம் வந்தபோது (வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அதற்கு முன்பே வந்துவிட்டது), அதனால் ஏதாவது மாறியதா என்று சொல்ல அவர்கள் கையில் இருபது வருடக் கணக்கு இருந்தது. 2014-க்குப் பிறகு கரையில் கிடக்கும் பைகள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தன. இந்த எண்ணை அவர்களால் சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், கட்டணம் வருவதற்கு முன்பே எண்ணத் தொடங்கியிருந்தார்கள். நம் ஊரையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கடைப் பை, கப், தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க இன்னொரு பட்டியல், காது குடையும் பட்ஸின் பிளாஸ்டிக் குச்சி உட்பட. இந்தத் தடையால் உங்கள் கரையில் பை குறைந்ததா? பதில் சொல்லத் தடைக்கு முந்தைய கணக்கு உங்கள் கரைக்கு வேண்டும். எனக்கு இது இன்னும் வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் 2019-க்கு முன்னால் நாங்களும் அள்ளத்தான் செய்தோம், எழுதவில்லை.

சரி, எப்படி எண்ணுவது.

ஒரு நூறு மீட்டரைத் தேர்ந்தெடுங்கள், அதை மாற்றாதீர்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லோரும் தவறுகிற இடமும் இதுதான். எங்கே குப்பை அதிகமாகக் கிடக்கிறதோ அங்கே போகத்தான் மனம் இழுக்கும், துப்புரவுக்கு அது சரி, கணக்குக்கு ஆகாது. எங்கள் குழு முதல் வருடம் அப்படித்தான் ஒவ்வொரு மாதமும் நகர்ந்துகொண்டே இருந்தது, வருடக் கடைசியில் கையில் இருந்த எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடவே முடியவில்லை. இரண்டு முனையையும் நகராத எதையாவது வைத்து அடையாளம் வையுங்கள், ஒரு விளக்குக் கம்பம், ஒரு சுவர் முனை, கூடவே போனில் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். அகலம், அலை தொடுகிற இடத்திலிருந்து மேலே சுவரோ செடியோ தொடங்குகிற இடம் வரை. பல நாடுகளில் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள பொருட்களைத்தான் எண்ணுகிறார்கள், ஏறக்குறைய ஒரு பாட்டில் மூடி அளவு. அதற்குக் கீழே போனால் ஆளுக்கு ஆள் கண் வித்தியாசப்படும்.

எண்ணியதை எடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட இடைவெளியில், உதாரணமாக 28 நாளுக்கு ஒருமுறை, திரும்ப வாருங்கள். அப்போது நீங்கள் எண்ணுவது அந்த 28 நாளில் புதிதாக வந்தது. எடுக்காமல் எண்ணிவிட்டுப் போகிற முறையும் உண்டு, அது அந்த நேரத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பதைச் சொல்லும், எவ்வளவு வேகத்தில் சேர்கிறது என்பதைச் சொல்லாது. நீங்கள் எப்படியும் அள்ளப்போகிறவர்கள், அதனால் முதலில் சொன்ன முறையே உங்களுக்குச் சரி. மீதிக் கரையில் மற்றவர்கள் எப்போதும்போல அள்ளட்டும், நாலைந்து பேர் மட்டும் இந்த நூறு மீட்டருக்கு. இரண்டு பேர் குனிந்து எடுத்துச் சொல்ல, ஒருவர் எழுத. எழுதுகிறவர் எடுக்கக் கூடாது, எடுத்தால் எழுத மறந்துவிடுவார்.

எடையில் கணக்குப் போடாதீர்கள். "இன்று இரண்டு டன் அகற்றப்பட்டது" என்று செய்தி வரும், அதில் பாதி ஈர மணலும் ஆகாயத்தாமரையும் நனைந்த பழைய துணியுமாகவே இருக்கும். ஒரு நனைந்த போர்வையின் எடைக்கு ஆயிரக்கணக்கான ஷாம்பு சாஷே வேண்டும், கடலுக்கு எது கேடு என்பது அந்த எடையில் தெரியாது. எண்ணிக்கைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, தெர்மாகோல். ஒரு மீன்பெட்டி நொறுங்கினால் நூறு துண்டு. அதற்கு மட்டும் தனி வரி வைத்து, எண்ணிக்கையோடு ஏறத்தாழ எத்தனை வாளி என்றும் எழுதுங்கள். உங்கள் எண் கூடுதலா குறைவா என்று பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-இல் வைத்த வரம்பு நூறு மீட்டருக்கு 20 பொருள். முதல் நாள் உங்கள் தாளில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

தாளில் என்னென்ன வரிகள்? உலக அளவில் பயன்படுத்துகிற பட்டியல்கள் இருக்கின்றன, அந்தச் செப்டம்பர் துப்புரவு நாளை நடத்துகிற ஓஷன் கன்சர்வன்சி அமைப்பின் கிளீன் ஸ்வெல் என்ற செயலியில் தொட்டுத் தொட்டு ஏற்றலாம், அது அப்படியே உலகத் தரவுத்தொகுப்புக்குப் போய்விடும். அதைச் செய்யுங்கள். ஆனால் அதோடு நம் கரைக்கு என்று சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுப் பட்டியலில் இவை "மற்றவை" என்பதற்குள் மறைந்துவிடும்: ஷாம்பு, மசாலா, பாக்கு சாஷே தனியாக, மாத்திரை அட்டை, பால் கவரின் வெட்டிய மூலை, சாமி படம், பூமாலை நார், செருப்பு. பால் கவர் மூலை சின்னதுதான், 2.5 சென்டிமீட்டரை ஒட்டி வரும், ஆனால் கவரை வாங்கப் பழைய பேப்பர் கடை இருக்கிறது, மூலையை வாங்க யாரும் இல்லை.

இந்த விலை விஷயத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிதாக எண்ணுகிறவர்கள் முதலில் வியப்பது இதைத்தான். கரையில் தண்ணீர் பாட்டிலைவிட மூடிதான் அதிகம் கிடக்கும். இத்தனைக்கும் ஒரு பாட்டிலுக்கு ஒரு மூடிதானே? பாட்டிலுக்குக் காயலான் கடையில் காசு உண்டு, அதனால் நமக்கு முன்பே யாரோ ஒருவர் விடியற்காலையில் வந்து பொறுக்கிக்கொண்டு போயிருப்பார். மூடிக்குத் தனியாக யாரும் குனிவதில்லை. அப்புறம், பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம், மூடி தண்ணீரைவிட லேசு. மூடி கழன்ற பாட்டிலுக்குள் தண்ணீர் புகுந்தால் அடியில் போய்விடும், மூடி மிதந்து வந்து கரை ஏறும். ஆக உங்கள் தாளில் இருப்பது கடலுக்குப் போனதன் முழுக் கணக்கு இல்லை. மிதந்ததும், விலை இல்லாததும்தான் தாளுக்கு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு எண்களைப் படியுங்கள்.

பொருளை எண்ணுவதோடு அதில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். தேதி, மொழி, கம்பெனி, எங்கே தயாரித்தது. தெற்கு அட்லாண்டிக்கில் இன்னாக்சசிபிள் என்று ஒரு தீவு, ஆள் குடியிருப்பே கிடையாது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ரயன் குழு 2018-இல் அங்கே ஒதுங்கிய பாட்டில்களைப் புரட்டிப் பார்த்தது. நான்கில் மூன்று ஆசியாவில் தயாரானவை, பெரும்பாலும் சீனா. சாதாரணமாகப் பார்த்தால் ஆசிய நதிகள் கொண்டுவந்து விட்டன என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் தேதியைப் பார்த்தால் பெரும்பாலான பாட்டில்களுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, ஆசியாவிலிருந்து மிதந்து அங்கே போய்ச் சேர அதைவிட அதிக வருடம் பிடிக்கும். அப்படியானால் பக்கத்தில் போகிற கப்பல்களிலிருந்து எறிந்தவை. பாட்டிலின் மேலிருந்த தேதி, குற்றவாளியையே மாற்றிவிட்டது. நம் பக்கம் கிரேட் நிகோபார் கரையில் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து பாட்டில்கள் ஒதுங்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்கிற பிஸ்கட் கவரில் பத்து வருடப் பழைய தேதி இருந்தால் அது நேற்று யாரோ போட்டதில்லை, மணலுக்குள் புதைந்து கிடந்து காற்று தோண்டி எடுத்தது. தாளில் அதற்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

பெசன்ட் நகரைப் பொறுத்தவரை மாதத்தையும் காற்றையும் எழுதாத கணக்குக்கு மதிப்புக் குறைவு. அடையாறு முகத்துவாரம் உங்களுக்கு வடக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், ஆற்றிலிருந்து வெளியே வருவது பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் போகும். வடகிழக்குப் பருவமழையில் நீரோட்டம் திரும்பித் தெற்கே ஓடும், அதே நேரத்தில் ஆறும் பெருகி முகத்துவார மணல்திட்டை உடைத்துக்கொண்டு வரும். நவம்பர், டிசம்பரில் பெரிய மழைக்கு மறுநாள் போனால் கரை முழுக்க ஆகாயத்தாமரை, அதற்குள் சிக்கி மாத்திரை அட்டை, பட்ஸ் குச்சி, தெர்மாகோல், நாப்கின். மே மாதம் போனால் கப், ஸ்பூன், ஸ்நாக்ஸ் கவர், சிகரெட் துண்டு, தின்று போட்ட சோளக்கதிர். இரண்டும் ஒரே கரைதான், ஆனால் ஒன்றை அனுப்பியது ஆறும் சாக்கடையும், இன்னொன்றைப் போட்டது மாலையில் காற்று வாங்க வந்த நாம். இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு "பொதுமக்களுக்கு விழிப்புணர்வு தேவை" என்று பேசினால் ஆற்றுக்குப் பொறுப்பானவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நான் திரும்பத் திரும்ப எண்ணச் சொல்வதே இதற்காகத்தான்: யார் கதவைத் தட்ட வேண்டும் என்பதைத் தாள்தான் சொல்லும்.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நடக்கிற வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, வருடத்துக்கு வருடம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வருகிற விநாயகர் சிலை கரைப்பு இரண்டையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். அதேபோல் மணலைச் சலிக்கிற இயந்திரம் எப்போது ஓடியது என்பதையும். ஒருமுறை எங்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். சுண்டல் விற்கிற அம்மாதான் சொன்னார், "முந்தாநேத்துதான் மிஷின் வந்துட்டுப் போச்சு தம்பி" என்று. முடிந்தால் இயந்திரம் போகாத பகுதியாகப் பார்த்து, மீனவர் குப்பத்துப் பக்கமாக, உங்கள் நூறு மீட்டரைத் தேர்ந்தெடுங்கள்.

குப்பத்துப் பக்கம் என்றால் முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். அது அவர்கள் வாசல். படகு நிற்கிற இடம், வலை காய்கிற இடம், சொல்லாமல் கொள்ளாமல் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினால் யாருக்கும் கோபம் வரும், நியாயமான கோபம். காய வைத்த வலையைக் குப்பை என்று அள்ளிய குழுக்களும் உண்டு. அறுந்த வலைத்துண்டு கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய் அங்கேயிருக்கிற பெரியவர் யாரிடமாவது காட்டுங்கள். எந்த மீனுக்கு விடுகிற வலை, எந்தப் பக்கத்துக்காரர் விடுவது, பாறையில் மாட்டி அறுந்ததா, இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனதா, ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வலை தொலைந்தால் நஷ்டம் முதலில் அவர்களுக்குத்தான், வேண்டுமென்று யாரும் கடலில் விடுவதில்லை. ஆனால் கிழிந்து இனிப் பயன்படாத துண்டுகளைப் போட அந்தக் கரையில் ஓர் இடமும் இல்லை என்பது வேறு விஷயம். உங்கள் தாளில் வலை, கயிறு தொடர்ந்து முதலிடத்தில் இருந்தால் கேட்க வேண்டியது படகு நிற்கிற இடத்தில் பழைய வலை போடுகிற ஒரு தொட்டியும், அதை வாங்கிக்கொள்கிற ஒருவரும்.

ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், பிளாஸ்டிக் குருணை. பருப்பு அளவில் வெள்ளையாக, மணலோடு மணலாக இருக்கும். பிளாஸ்டிக் சாமான் செய்கிற மூலப்பொருள் அது. 2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நீர்கொழும்பு வரை கரையில் பனிபோலக் குவிந்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியதும் திருவனந்தபுரம், கன்னியாகுமரி கரைகளில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து சல்லடையில் சலித்தார்கள். உங்கள் கரையில் ஒவ்வொரு முறையும் கடைசி அலை விட்டுப்போன கோட்டில் ஒரு முழம் நீளத்துக்கு உட்கார்ந்து தேடி எத்தனை என்று எழுதுங்கள். பெரும்பாலும் சைபர் வரும், அந்தச் சைபரை எழுதாமல் விடாதீர்கள். நாளைக்கு ஒரு கப்பல் மூழ்கி இழப்பீடு பேசும்போது, இதெல்லாம் முன்பே இங்கே கிடந்ததுதான் என்று எதிர்த்தரப்பு சொன்னால், இல்லை என்று காட்ட அந்தச் சைபர்கள்தான் இருக்கும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. கடல்பாசி, சிப்பி, அடித்து வந்த மரக்கட்டை குப்பையில்லை. ராவணன் மீசையையும் அடம்பங்கொடியையும் சுத்தம் என்ற பெயரில் பிடுங்காதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும், அந்த மாதங்களில் மணலைக் கிளறாதீர்கள், பாதி புதைந்ததை இழுத்துப் பறிக்காதீர்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1988-லிருந்து இரவில் நடந்து முட்டைகளைக் காக்கிற மாணவர் குழு இருக்கிறது, செத்து ஒதுங்கிய ஆமையைப் பார்த்தால் தொடாமல் இடத்தையும் நேரத்தையும் அவர்களுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ஊசி, உடைந்த கண்ணாடிக்குத் தனி டப்பா. மூடிய கேன், டிரம் எதையும் திறக்காதீர்கள்.

சாக்கை எங்கே வைப்பது என்பதை முதல் நாளே அந்தப் பகுதித் தூய்மைப் பணியாளர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள். கட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் நாயும் காக்கையும் பிரித்துவிடும், மத்தியானக் காற்றில் பாதி திரும்பக் கடலுக்குள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வண்டி வராது என்றால் நீங்கள் நாளை மாற்றுங்கள்.

ஒரு வருடத் தாள் சேர்ந்ததும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் ஐந்து பொருள், எந்த மாதம் எது கூடியது, என்ன கேட்கிறீர்கள். மாலையில் விற்கிற கடைகளின் கப்பும் ஸ்பூனும் அதிகம் என்றால் வார்டு கவுன்சிலரும் மண்டல அலுவலகமும். ஆற்றுக் குப்பை அதிகம் என்றால் முகத்துவாரத்துக்கு முன்னாலேயே மிதவைத் தடுப்பு கேட்டு நீர்வளத்துறைக்கும் மாநகராட்சிக்கும். ஒரே கம்பெனியின் சாஷே குவிகிறது என்றால் பெயரோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, தான் விற்ற பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கடற்கரைக் குப்பையை ஆய்வு செய்கிறது, அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், தொடர்ச்சியான கணக்கு வைத்திருக்கிற உள்ளூர்க் குழு என்றால் மதிப்பார்கள்.

பள்ளிப் பிள்ளைகள்? தாராளமாகக் கூட்டி வாருங்கள், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். பிப்ரவரி நல்ல மாதம், காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். காலில் ஷூ, கைக்கு அளவான கையுறை, பெரியவர்கள் கையுறை கழன்று விழும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், அலைக்கு முதுகைக் காட்டிக் குனியக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுதுகிற வேலையை அவர்களிடமே கொடுங்கள், பெரியவர்களைவிடக் கவனமாக எண்ணுவார்கள், தேதியைப் படிப்பதில் போட்டி போடுவார்கள். பேனா வேண்டாம், ஈரத் தாளில் எழுதாது. பென்சில், ஒரு பரீட்சை அட்டை, தாள் பறக்காமல் இருக்க ரப்பர் பேண்ட். அந்த ரப்பர் பேண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.